பீரோவுக்குப் பின்னால் பூசணம்: கோத்தகிரியில் வீடு கட்டும் வாசகிக்கு

கேள்வி: நானும் என் கணவரும் திருப்பூரில் ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். கோத்தகிரி அருகே 8 சென்ட் வாங்கியிருக்கிறோம். ரோடு மேலே இருக்கிறது. இடம் வடக்குப் பார்த்துப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. கட்டுவதற்கு முன் பழகிப் பார்ப்போமே என்று போன ஜூனிலிருந்து அங்கேயே வாடகை வீட்டில் இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் பீரோவுக்குப் பின்னால் சுவரெல்லாம் கறுப்பாகப் பூசணம் பிடித்துவிட்டது. பட்டுப் புடவைகளில் புள்ளி விழுந்துவிட்டது. 78 வயதான என் அத்தைக்கு (கணவரின் அம்மா) வீசிங் அதிகமாகி இரண்டு முறை கீழே அழைத்துப்போக வேண்டியதாயிற்று. புது வீட்டில் சுவருக்கு உள்பக்கம் வாட்டர் புரூஃப் பெயிண்ட் அடித்து, ரூமுக்கு ஒரு ஹீட்டர் வைத்தால் போதும் என்கிறார் எங்கள் இன்ஜினியர். கணப்பு ஒன்று கட்ட எனக்கு ஆசை. வடக்கே பள்ளத்தாக்கு தெரிய முழுக் கண்ணாடி வேண்டும் என்பது இவர் ஆசை. பிளான் இணைத்திருக்கிறேன். சரியாக வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டுவதற்கு முன்னால் ஒரு மழைக்காலம் முழுக்க அங்கேயே தங்கிப் பார்த்தீர்கள் பாருங்கள், அதற்கே உங்களுக்கு ஒரு சபாஷ். மலையில் வீடு கட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் மே மாதத்தில் இடம் பார்க்கிறார்கள். அந்தச் சிலுசிலு காற்றிலேயே பிளானும் தயாராகிவிடும். கார்த்திகையில் வந்து படுக்கும்போதுதான் தலையணை நமுத்த முறுக்கு மாதிரி இருப்பது தெரியும்.

உங்கள் பிளானைப் பார்த்தேன். நல்ல வீடு. அவிநாசியில் கட்டினால் நானே கைதட்டுவேன். கோத்தகிரிக்கு இது ஆகாது. மொட்டை மாடி, உயரமான கூரை, மலையை ஒட்டிய பின்சுவர், வழவழப்பான டைல்ஸ் என்று கீழ்நாட்டு வீட்டை அப்படியே தூக்கி மேலே வைத்திருக்கிறார் உங்கள் இன்ஜினியர். அவரைக் குறை சொல்லவில்லை. வெயிலை விரட்டக் கற்றவர் அவர். இங்கே விரட்ட வேண்டியது ஓதத்தை. குளிரைக்கூட ஸ்வெட்டர் போட்டுச் சமாளித்துவிடலாம். ஈரச் சுவருக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டுப் படுப்பவருக்கு எந்தக் கம்பளியும் போதாது. சுவர் காய்ந்திருந்தால் பாதிக் குளிர் தானாகவே போய்விடும் என்பது முப்பது வருடமாக இந்த மலையில் வீடு கட்டியும் பழுது பார்த்தும் நான் கண்டது.

பீரோவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் வெளிப்புறம் வியர்க்கிறதல்லவா? உங்கள் சுவரும் அப்படித்தான் வியர்த்திருக்கிறது. சூடான காற்று நிறைய நீராவியைச் சுமக்கும். குளிர்ந்தால் சுமையை இறக்கி வைத்துவிடும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் வரை நீராவி தாங்கும்; 10 டிகிரியில் 9 கிராம்தான் தாங்கும். உங்கள் அறை 18 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று பதின்மூன்றரை டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்த இடத்தைத் தொட்டாலும் தண்ணீர் கோத்துவிடும். வெளிச்சுவர், அதிலும் இரண்டு வெளிச்சுவர்கள் சேரும் மூலை, அதையும் பீரோ அடைத்துக்கொண்டு அறையின் சூடும் காற்றோட்டமும் படாமல் செய்திருக்கிறது. வீட்டிலேயே குளிர்ந்த இடம் அதுதான். பூசணத்துக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்கூடத் தேவையில்லை. சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் சில நாட்கள் 80 சதவீதத்துக்கு மேல் நின்றாலே போதும், பிடித்துக்கொள்ளும்.

இதில் உள்பக்கம் வாட்டர் புரூஃப் பெயிண்ட் அடித்து என்ன பயன்? உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் அந்த பெயிண்ட் மேலேயே கோத்து நிற்கும். வெளியிலிருந்து சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்டைக் கொப்புளமாகத் தள்ளும். வாட்டர் புரூஃப் என்பது தண்ணீர் வருகிற பக்கத்தில் செய்ய வேண்டிய வேலை. ஓட்டைக் குடத்தை உள்ளிருந்து அடைக்கலாம். சுவரை உள்ளிருந்து அடைக்க முடியாது.

ஹீட்டரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் பிளானில் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட இடத்தைச் சொல்கிறேன்.

ரோட்டுப் பக்கம் 8 அடி மண்ணை வெட்டி இறக்கி, வெட்டிய மண்ணுக்கான தடுப்புச் சுவரையே கீழ்த்தளத்தின் பின்சுவராகக் காட்டியிருக்கிறார்கள். மாடி ஏற முடியாது என்று அத்தையின் படுக்கையறையை அந்தச் சுவரை ஒட்டிக் கீழ்த்தளத்தில் வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து இதை மாற்றுங்கள். மலைச்சரிவில் மண்ணுக்குள் தண்ணீர் எப்போதும் இறங்கிக்கொண்டே இருக்கும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழை நின்ற பிறகும் பல நாட்களுக்கு மேட்டிலிருந்து நீர் கசிந்து வந்துகொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் முழுவதும் உங்கள் அத்தையின் தலைமாட்டில் வந்து முட்டும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் சொந்த வீட்டிலேயே இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். குன்னூரில் முதன்முதலாக எனக்கென்று கட்டியபோது, இடம் மிச்சமாகட்டும் என்று மலையை ஒட்டிச் சுவர் எழுப்பினேன். தார் பூசினேன், கெமிக்கல் கலந்தேன், நம்மை மீறி எந்தத் தண்ணீர் வரும் என்று இருந்தேன். மூன்றாவது மழைக்காலத்தில் மகனின் பாடப் புத்தகங்கள் அட்டையோடு ஒட்டிக்கொண்டன. கடைசியில் அந்த அறையை விறகுக் கொட்டகை ஆக்கினோம். விறகும் அங்கே காயவில்லை என்பது வேறு கதை.

தடுப்புச் சுவர் தனியாக நிற்கட்டும், வீடு தனியாக நிற்கட்டும். இரண்டுக்கும் நடுவே 6 அடி இடைவெளி விடுங்கள். தடுப்புச் சுவருக்குப் பின்னால், மண்ணுக்கும் சுவருக்கும் இடையே ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, அடியில் துளை போட்ட பைப் ஒன்றைச் சாய்வாக ஓட்டிப் பக்கவாட்டில் வெளியே கொண்டுவர வேண்டும். சுவரில் ஐந்தடிக்கு ஒன்றாகக் கசிவுத் துளைகள் விட வேண்டும். மேஸ்திரி துளை விட்டுவிட்டுப் பூச்சு வேலையின்போது அதை அழகாகப் பூசி மூடிவிடுவார். அன்றைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். இது ஓதத்துக்காக மட்டும் சொல்வதில்லை. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்ததை மலையில் இருப்பவர்கள் மறக்கவில்லை. நீர் தேங்கி மண் கனத்ததும், போக வழியில்லாத இடத்தில் அது தானே வழி செய்துகொள்கிறது. பொக்லைன் வைத்து வெட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் உங்கள் இன்ஜினியருக்கு நினைவூட்டுங்கள்.

6 அடி என்று கணக்காகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் இடத்தில் மலை தெற்கே இருக்கிறது. குளிர்காலச் சூரியனும் தெற்கேதான் இருக்கிறது. கோத்தகிரி ஏறக்குறைய 11½ டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், டிசம்பர் கடைசியில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வராது. தெற்கே சாய்ந்து, தரையிலிருந்து 55 டிகிரி உயரத்தில் நிற்கும். 8 அடி மேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே 3 அடிதான் விட்டால் கீழ்த்தளச் சுவரின் அடியில் ஏறக்குறைய 4 அடி உயரத்துக்கு அந்த வெயில் எட்டாது. 6 அடி விட்டால் மேட்டைத் தாண்டி உள்ளே விழும். உங்கள் இன்ஜினியரின் பிளானில், வருடத்தின் மிகக் குளிர்ந்த மாதங்களில் இலவசமாகக் கிடைக்கிற சூட்டை மண்ணுக்குள் புதைத்துவிட்டு, டிசம்பரில் வெயிலே படாத வடக்கில் முழுச் சுவருக்கும் கண்ணாடி வைத்திருக்கிறார்கள்.

அத்தைக்கு மாடி ஏற முடியாது, சரி. ஆனால் உங்கள் ரோடு மேலே அல்லவா இருக்கிறது? ரோட்டு மட்டத்துக்குச் சமமாக வருவது மேல்தளம்தான். அந்த 6 அடி இடைவெளியின் மேல் சின்னப் பாலம் மாதிரி ஒரு ஸ்லாப் போட்டால், காரிலிருந்து இறங்கி ஒரு படிகூட ஏறாமல் மேல்தளத்துக்குள் நுழைந்துவிடலாம். ஹால், சமையலறை, அத்தையின் அறை, உங்கள் அறை எல்லாம் மேலே வரட்டும். அத்தையின் அறை தென்கிழக்கு மூலையில் இருக்க வேண்டும். மலையில் பெரும்பாலும் காலையில்தான் வானம் தெளிவாக இருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் வந்து மூடிவிடும். அதனால் கிழக்கு ஜன்னலுக்கு இங்கே மதிப்பு அதிகம். தென்கிழக்கு அக்கினி மூலை, அங்கே சமையலறைதான் வர வேண்டும் என்று யாராவது வாஸ்து சொன்னால், வீட்டிலேயே வயதானவருக்கு வெயில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கீழ்த்தளத்தில் விருந்தினர் அறை, துணி துவைக்கும் இடம், பொருள் வைக்கும் அறை போதும்.

கண்ணாடி பற்றி உங்கள் வீட்டுக்காரரிடம் பேசுவது உங்கள் பாடு. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஒற்றைக் கண்ணாடி வழியாகச் சூடு வெளியேறும் வேகம், 9 அங்குலச் செங்கல் சுவர் வழியாகப் போவதைப் போல இரண்டரை மடங்கு. வடக்கே 12 அடிக்குக் கண்ணாடிச் சுவர் என்றால் இரவில் அதன் அருகே உட்கார முடியாது. காலையில் அடியில் துணி விரித்துத் துடைக்க வேண்டியிருக்கும். உட்காரும் உயரத்தில் 5 அடிக்கு 4 அடி ஜன்னல் ஒன்று வைத்தாலே பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். அதற்கு இரட்டைக் கண்ணாடி போடுங்கள். அலுமினியச் சட்டம் வேண்டாம். சட்டமே ஐஸ் மாதிரி குளிர்ந்து வியர்க்கும். மரமோ யுபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கோ நல்லது. மிச்சமாகும் பணத்தைத் தெற்கில் கண்ணாடி வராந்தா ஒன்றுக்குச் செலவழியுங்கள். இங்கே பழைய பங்களாக்களில் முகப்பை மரச்சட்டமும் கண்ணாடியுமாக மூடி வைத்திருப்பார்களே, அது வெறும் அழகுக்கு வைத்ததில்லை. பத்து மணி வெயிலில் அதற்குள் உட்கார்ந்து பாருங்கள். கதவைத் திறந்துவிட்டால் அந்தச் சூடு வீட்டுக்குள் நடந்து வரும்.

தெற்கு ஜன்னலுக்கு மேலே 2 அடி சன்ஷேட் போட்டிருக்கிறார். டிசம்பர் உச்சிவெயிலில் அது கிட்டத்தட்ட 3 அடிக்கு நிழல் தரும். உங்கள் நாலரை அடி ஜன்னலில் பாதிக்கு மேல் நிழல். தெற்கில் சன்ஷேட்டைக் கடினக் கண்ணாடியில் போட்டுவிடுங்கள். மழை தடுக்கும், வெயில் தடுக்காது. மழைச் சாரல் அடிக்கிற வடக்கிலும் கிழக்கிலும் கூரையே 3 அடி வெளியே நீண்டு நிற்க வேண்டும். குடை சின்னதாக இருந்தால் சட்டை நனையத்தான் செய்யும்.

கூரை என்றதும் மொட்டை மாடிக்கு வருகிறேன். வேண்டாம். மூடுபனியும் தூறலும் மாதக்கணக்கில் நிற்கிற ஊரில் தட்டைத் தளம் காய்வதே இல்லை. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் பாசி பிடிக்கும், ஒரு மயிரிழை விரிசல் போதும். தெளிந்த இரவில் அந்தத் தளம் வானத்தைப் பார்த்துச் சூட்டையெல்லாம் விட்டுவிட்டு, விடியற்காலையில் உங்கள் சீலிங்கில் வியர்த்து நிற்கும். சாய்வுக் கூரை போடுங்கள். ஓடு என்றாலும் சரி, நல்ல கலர் ஷீட் என்றாலும் சரி. ஷீட்டுக்கு அடியிலும் வியர்க்கும் என்பதால் அதை அப்படியே விடக்கூடாது. ஷீட், அதன் கீழே காற்று ஓடுகிற இடைவெளி, அதற்கும் கீழே சூட்டைத் தடுக்கும் 2 அங்குல ராக்வூல் (கல் பஞ்சு), பிறகு மரப்பலகை சீலிங் என்று அடுக்கு வர வேண்டும். சில்வர் ஓக் பலகை இங்கேயே கிடைக்கும், நன்றாகக் காய்ந்ததா என்று மட்டும் பாருங்கள். கூரை ஓரத்துக் காற்றுத் துளைகளுக்குக் கம்பி வலை அடியுங்கள். இல்லாவிட்டால் சீலிங்குக்குள் மரநாய் குடித்தனம் வந்துவிடும். அதை எழுப்பி அனுப்புவது வாடகைக்காரரைக் காலி செய்வதைவிடக் கஷ்டம். கூரை உயரம் 9 அடி போதும். 11 அடி வைத்தால் சூடெல்லாம் மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். மலைப்பகுதிக் கட்டட விதியில் உயர வரம்பும் இருப்பதால் இரண்டு தளமும் சாய்வுக் கூரையும் அதற்குள் அடங்க இதுவே தோது.

சுவருக்கு நான் சொல்வது கொஞ்சம் செலவு பிடிக்கும். சாரல் அடிக்கும் வடக்கு, கிழக்குப் பக்கங்களில் இரட்டைச் சுவர் கட்டுங்கள். வெளியே நாலரை அங்குலச் செங்கல், நடுவே 2 அங்குலக் காற்று இடைவெளி, உள்ளே 9 அங்குலம். வெளிச்சுவர் நனைந்தாலும் ஈரம் இடைவெளியைத் தாண்டாது. அடியில் விட்ட துளை வழியே வடிந்துவிடும். இடையிடையே துருப்பிடிக்காத கம்பியால் இரண்டு சுவரையும் இணைக்க வேண்டும். கட்டும்போது கலவை உள்ளே விழுந்து இடைவெளியை அடைத்துவிட்டால் எல்லாம் வீண். 2 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான மரச் சட்டத்தைக் கயிற்றில் கட்டி இடைவெளிக்குள் வைத்து, சில வரிசைக்கு ஒருமுறை தூக்கி, விழுந்த கலவையைத் தட்டிவிட்டு மறுபடி வைக்கச் சொல்லுங்கள். மேஸ்திரி முதல் நாள் முணுமுணுப்பார், மூன்றாம் நாள் அதுவே அவர் கண்டுபிடிப்பாகிவிடும்.

உள்பூச்சுக்குச் சுண்ணாம்பு. புட்டி வைத்து எமல்ஷன் அடித்துப் பளபளவென்று ஆக்க வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு அதிக ஈரத்தைக் கொஞ்சம் உள்ளே வாங்கி, காய்ந்த நேரத்தில் திருப்பிக் கொடுக்கும். அதன் காரத்தில் பூசணமும் சுலபமாகப் பிடிக்காது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வழக்கம் அடைமழை முடிந்த கையோடு வருவதை நினைத்துப் பாருங்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் உங்கள் பக்கத்திலேயே கன்னேரிமுக்கில் வீடு கட்டினாரே, அதை இப்போது நினைவகமாக வைத்திருக்கிறார்கள், ஒரு நாள் போய்ப் பாருங்கள். கனமான சுவர், அளவான ஜன்னல், சாய்வுக் கூரை. சிமெண்டும் வாட்டர் புரூஃப் கெமிக்கலும் இல்லாத காலத்து வீடு.

தரை பற்றிச் சுருக்கமாக. பேஸ்மென்ட்டை வெளித் தரையிலிருந்து 2 அடியாவது உயர்த்துங்கள். கான்கிரீட்டுக்கு அடியில் கனமான பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைக் கிழியாமல் விரித்து, அதன் விளிம்பை, ஈரம் மேலே ஏறாமலிருக்கச் சுவரின் அடியில் போடுகிற டி.பி.சி. பட்டையோடு சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மண்ணின் ஓதம் திரி வழியே எண்ணெய் ஏறுவதுபோலச் சுவரில் ஏறும். மேல்தளத்து அறைகளுக்கு மரத் தரை போட்டால் காலுக்கு இதம். வைட்டிரிஃபைட் டைல்ஸ் குளியலறையோடு நிற்கட்டும்.

இனி நம்மால் வருகிற ஈரம். இதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. மூச்சு, சமையல், குளியல், துணி எல்லாம் சேர்ந்து நாலு பேர் உள்ள வீட்டில் தினம் 10 லிட்டர் வரை தண்ணீர் காற்றில் கலக்கும். கேஸ் எரிந்தாலும் நீராவிதான் வருகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்ந்து போவதற்குள் சுமார் 22 லிட்டர் தண்ணீரைச் சமையலறைக் காற்றில் விட்டிருக்கும். ஆகவே சமையலறையில் வெளியே குழாய் போகிற சிம்னி வேண்டும். காற்றைச் சுற்றிச் சுற்றி உள்ளேயே விடுகிற வகை வேண்டாம். குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, குளித்த பிறகும் கால் மணி நேரம் ஓடவிடுங்கள்.

வெளியே மூடுபனி, ஜன்னலைத் திறந்தால் ஈரம்தானே வரும் என்று கேட்பீர்கள். இங்கே எல்லோரும் கேட்பதுதான். 12 டிகிரி மூடுபனிக் காற்றில் ஈரப்பதம் 100 சதவீதம். அதே காற்று உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடானால் 70 சதவீதமாகிவிடும். வீடு வெளியைவிட 6 டிகிரி வெதுவெதுப்பாக இருந்தால் மூடுபனிக் காற்றுகூட உலர்ந்த காற்றுதான். வீடும் வெளியே இருக்கும் அளவுக்கே குளிர்ந்து கிடந்தால் நாள் முழுக்கத் திறந்து வைத்தாலும் காயாது. வெதுவெதுப்பும் காற்றோட்டமும் சேர்ந்தே வேலை செய்யும் என்று இதனால்தான் சொல்கிறேன். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டு உள்ளே ஹீட்டர் போடுகிறவர்கள் வீட்டைப் புட்டுக் குழாய் ஆக்குகிறார்கள். காலையில் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்து மூடுங்கள். நாளெல்லாம் ஒரு விரற்கடை திறந்து வைப்பதைவிட இது நல்லது. சுவர் அதற்குள் ஆறிவிடாது.

இப்போது ஹீட்டர். மேலே சொன்னதையெல்லாம் செய்தபின் வைத்தால் கொஞ்ச நேரம் ஓடினாலே போதும். குடியிருக்கும் வீட்டில் குளிர்காலத்தில் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. அத்தையின் அறைக்கு எண்ணெய் நிரப்பிய மின்சார ரேடியேட்டர் சரி. மாலையில் இரண்டு மணி நேரம், விடியற்காலையில் ஒரு மணி நேரம். புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டர் வேண்டாம். சூட்டோடு தண்ணீரையும் விடும். ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்குவதானால் கடைக்காரரிடம் 15 டிகிரிக்குக் கீழே எப்படி வேலை செய்யும் என்று கேளுங்கள். கம்ப்ரஸர் வகை அந்தக் குளிரில் சோர்ந்துவிடும். ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகன்ட் வகைதான் மலைக்கு ஏற்றது.

கணப்பு உங்கள் ஆசை. பழைய சினிமாவில் வருகிற மாதிரி சுவரில் திறந்த அடுப்பு என்றால், விறகின் சூட்டில் பெரும்பகுதி சிம்னி வழியே போய்விடும். போகிற போக்கில் அறையின் வெதுவெதுப்பான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். முன்னால் உட்காருபவருக்கு முகம் சுடும், முதுகு குளிரும். அத்தைக்கு வீசிங் இருக்கிற வீட்டில் திறந்த நெருப்பும் புகையும் கூடவே கூடாது. கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்பு ஹாலில் வையுங்கள். புகைக்குழாய் கூரைக்கு மேலே போகட்டும், அடுப்புக்குக் காற்று வெளியிலிருந்து தனிக் குழாயில் வரட்டும். நெருப்பும் தெரியும், சூடும் அறையில் நிற்கும். சீகை (வாட்டில் மரம்) விறகு நன்றாக எரியும், ஆனால் கூரைக்கு அடியில் ஒரு வருடம் காய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை விறகு பாதிச் சூட்டைத் தன்னைக் காயவைக்கவே செலவழித்துவிட்டு, குழாய்க்குள் தார் படிய வைக்கும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள், வீட்டு வேலைக்கு வருகிறவர்களையும் வைக்க விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது.

மொட்டை மாடி இல்லாவிட்டால் துணி எங்கே காய்வது என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். கீழ்த்தளத்தின் கிழக்கு ஓரத்தில் பாலிகார்பனேட் கூரை போட்டு, இரண்டு பக்கமும் திறந்த இடம் ஒன்றை ஒதுக்குங்கள். ஹாலில் கொடி கட்டினால் துணியின் தண்ணீர் முழுவதும் சுவருக்குத்தான் போகும். அப்புறம், பீரோ எதையும் வெளிச்சுவரில் வைக்காதீர்கள். இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள உள்சுவரில் வைத்து, பின்னால் 3 அங்குலம் இடம் விடுங்கள். சுவரோடு சேர்த்து வார்ட்ரோப் அடிப்பதானால் கதவில் மேலும் கீழும் காற்றுப் போக இடைவெளி விட்ட சாய்வுப் பலகைகள் வையுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை இப்போதே வாங்கி அத்தையின் அறையில் வையுங்கள். 60க்குக் கீழே நிற்கிறதா என்று பார்த்து எழுதி வைத்தால், அத்தையின் டாக்டரிடம் காட்டவும் உதவும்.

இத்தனையும் ஒரே பட்ஜெட்டில் அடங்காது என்று எனக்கும் தெரியும். கை கடித்தால் இரட்டைக் கண்ணாடியை விடுங்கள், மரத் தரையை விடுங்கள், கண்ணாடி வராந்தாவைக்கூட இரண்டு வருடம் கழித்துக் கட்டிக்கொள்ளலாம். 6 அடி இடைவெளியையும் ஜல்லி வடிகாலையும் சாய்வுக் கூரையையும் விடாதீர்கள். கட்டி முடித்தபின் இவற்றைச் சேர்க்க முடியாது. கடைக்கால் வெட்டுவதற்கு முன், நல்ல மழை பெய்கிற ஒரு நாள் குடையோடு இடத்தில் போய் நின்று, ரோட்டுத் தண்ணீர் எந்த வழியாக உங்கள் நிலத்துக்குள் இறங்குகிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிளானோடு அதையும் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.

புடவைகளை மறந்துவிடவில்லை. புள்ளி விழுந்ததை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள், பரவும். தை மாதத்து உலர்ந்த நாளில் நிழலில் விரித்து, மென்மையான பிரஷ்ஷால் வாசலுக்கு வெளியே வைத்துத் தட்டுங்கள். அத்தை பக்கத்தில் இருக்க வேண்டாம், நீங்களும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் வேண்டாம். நல்ல புடவைகளை வீடு முடியும்வரை திருப்பூரிலேயே யாராவது சொந்தக்காரர் வீட்டு பீரோவில் வைத்துவிட்டு வந்தால் இன்னும் நிம்மதி.